வாசனைக் கலவைக்கு மல்லிகை வேண்டாம்

முகூர்த்தமும் பண்டிகையும் இல்லாத நாட்களில் பூ விலை சரிந்து, பறிகூலிக்கும் கட்டாமல் போவதைப் பூ விவசாயிகள் நன்கு அறிவர். அவ்வாறு மீந்த பூவை உலர்த்தி, வாசனை எண்ணெய் கலந்து, கிண்ணத்தில் வைக்கும் அலங்காரக் கலவையாக்கி விற்கலாம் என்று பலரும் யோசனை கூறுகின்றனர். மேல்நாட்டார் இதனைப் 'பாட்பூரி' என்பர். யோசனை நல்லதே. ஆனால் மீந்த பூ எதுவானாலும் ஆகும் என்பது தவறு.

இத்தவறை நானும் செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மகளிர் குழுவினரிடம், விற்காத மல்லிகையை உலர்த்துமாறு கூறினேன். நான்கே நாட்களில் பூ பழுப்பேறிச் சருகாயிற்று, மணமும் போயிற்று. அதை மறைக்க எண்ணெயைத் தாராளமாக ஊற்றினோம். பத்து நாள் மணத்தது. பிறகு சிக்கு வாடையே மிஞ்சியது. வாங்கியவர்கள் மறுமுறை வரவில்லை. மல்லிகையும் சம்பங்கியும் பறித்த பின்னும் உயிருடன் இருந்து, மலர மலர மணத்தை உண்டாக்குபவை. பூ செத்தால் மணமும் தீர்ந்தது. இவற்றை உலர்த்துவது வீண் வேலை.

உலர்ந்தும் நிறமோ மணமோ குன்றாதவையே இதற்கு உகந்தவை. நிறத்திற்கு வாடாமல்லியை மிஞ்ச எதுவுமில்லை, பெயரே சாட்சி. மணத்திற்குப் பன்னீர் ரோஜா இதழ், மரிக்கொழுந்து, மரு ஆகியவை உண்டு. வரப்போரம் இரண்டு வரிசை வாடாமல்லியும், வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி மருவும் போதும். வெட்டிவேர் வெட்டுக்கு வர ஓராண்டுக்கு மேலாகும். எனவே அதை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கொள்வதே மேல். அங்கேயே கிச்சிலிக் கிழங்கும் பூலாங்கிழங்கும் கிடைக்கும். இவை நம் பெண்களுக்குப் புதியவையல்ல. உண்மையில் இக்கலவை, பொடிக்காத நலங்கு மாவுதான்.

உலர்த்துவது நிழலில் நடக்க வேண்டும். வெயிலில் நிறம் வெளுத்து, மணமும் பறந்துவிடும். வாடாமல்லியைக் காம்புடன் கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடலாம்; இதழ்களைத் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பலாம். கையில் நொறுக்கினால் அப்பளம்போல் நொறுங்க வேண்டும். சிறிது ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடித்து முழுக் கலவையும் கெடும்.

எண்ணெயைப் பூவின்மேல் ஊற்றலாகாது. அரை கிலோ உலர் பூவுக்கு 50 கிராம் வெட்டிவேரையும் கிழங்கையும் சிறு துண்டுகளாக நறுக்கி, 5 மில்லி வாசனை எண்ணெயை அத்துண்டுகளில் மட்டும் பிசிறி, கண்ணாடிச் சீசாவில் இரண்டு நாள் மூடி வைக்கவும். வேரும் கிழங்கும் எண்ணெயைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடும். பிறகு பூவுடன் கலந்து, மூன்று வாரம் இருட்டில் மூடி வைத்து, அவ்வப்போது குலுக்கி வரவும். எண்ணெய் வாங்குகையில் ஏமாற வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் 'ரோஜா எண்ணெய்' பெரும்பாலும் செயற்கைச் சரக்கே. அதைப் பயன்படுத்துவது குற்றமல்ல. 'இயற்கை' என்று சீட்டு ஒட்டுவதுதான் குற்றம்.

ஏற்றுமதிக் கனவும் வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து உலர் மலர்கள் கப்பலேறுவது உண்மை. அது பெருமளவில் சேகரித்து, தரம் பிரித்து, சாயமேற்றிச் செய்யும் தொழில். குடிசையில் இருந்து அதனுடன் போட்டியிட இயலாது. அடி அண்ணாமலைக்கோ சந்தை வாசலிலேயே இருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஊர் வழியே செல்கிறது. பௌர்ணமிதோறும் கூட்டம் வருகிறது. ஆனால் நடந்து வருபவர் கண்ணாடிக் கிண்ணத்தைச் சுமப்பாரா? துணிப்பையில் 25 கிராம் கட்டிக் கொடுங்கள். பீரோவில் போட்டு வைப்பார். திறந்த கிண்ணத்தில் நம் வீடுகளில் தூசிதான் சேரும்.

விலை வைக்கும்போது ஒன்றை மறவாதீர்கள். ஒரு கிலோ உலர் இதழுக்கு ஐந்தாறு கிலோ பச்சை இதழ் வேண்டும். அதனுடன் எண்ணெய், பை, வீட்டுப் பெண்களின் கூலி எல்லாவற்றையும் சேர்த்த பிறகும் மிச்சம் நின்றால்தான் இறங்கலாம். வீட்டார் உழைப்புக்குக் கூலி போடாமல் இலாபம் காட்டும் கணக்கை நான் ஏற்பதில்லை.

மிகுந்த கூட்டம் கார்த்திகைத் தீபத்திற்கு. அதுவோ வடகிழக்குப் பருவமழைக் காலம்; அப்போது பூ காயாது. மாசி முதல் வைகாசிக்குள் உலர்த்தி, காற்றுப் புகாத டின்களில் வைத்துக்கொண்டு, ஐப்பசியில் எண்ணெய் சேர்ப்பதே சரியான முறை.

பூச்சிமருந்து தெளித்த பூவைக் காத்திருப்புக் காலம் முடியாமல் சேர்க்காதீர்கள். நிறம் அழகாக இருக்கிறதென்று அரளியையும் சேர்க்க வேண்டாம். அது நஞ்சு, காய்ந்தாலும் நஞ்சே. குழந்தைகள் பையைப் பிரித்து வாயில் போடக்கூடும்.