விழுந்தது நட்சத்திரமா, கல்லா, ராக்கெட் துண்டா?

2016 பிப்ரவரி 6. நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் திடீரென பெரும் சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. தரையில் ஒரு பள்ளம். பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததால் நேர்ந்த மரணம் என அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்து, அவர் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தார். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால், படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, இது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள்.

போன உயிருக்கு என்ன காரணம் என்பதே இங்கே கேள்வி. 'வானத்திலிருந்து விழுந்தது' என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லையே! அதனால், மேலே என்னென்ன சுற்றுகிறது, அதில் எது கீழே வரும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் சிறுகோள்கள். சூரியனைச் சுற்றும் பாறைகள். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கின்றன. நாட்றம்பள்ளி இருக்கும் அதே திருப்பத்தூர் மாவட்டத்தில்தான் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. 1988-ல் அங்கிருந்து ராஜமோகன் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு, கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

வால்நட்சத்திரம் என்பது நட்சத்திரமே அல்ல. பனியும் தூசும் கலந்த உருண்டை. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி வால் நீள்கிறது. 1986-ல் வந்துபோன ஹாலி, மறுபடி 2061-ல் வரும். இன்று ஸ்கூல் போகும் பிள்ளைகள் பேரன் பேத்தியோடு பார்க்கலாம்.

அப்போ 'எரிநட்சத்திரம்'? அதுவும் நட்சத்திரம் இல்லை. பெரும்பாலும் மணல் அளவுள்ள துகள். நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைந்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்திலேயே ஒளிர்ந்து கரைந்துவிடும். முழுசாக எரியாமல் தரைக்கு வந்து சேர்வதுதான் விண்கல்.

சினிமாவில் காட்டுவதுபோல அது தீப்பிழம்பாக வந்து விழாது. சின்னக் கற்கள் காற்றில் வேகம் குறைந்து, கடைசிப் பல கிலோமீட்டரை வெளிச்சமே இல்லாமல் கடந்து, சாதாரணக் கல்போல விழுகின்றன. மேலே மெல்லிய கறுப்புத் தோல், அளவுக்கு மீறிய கனம், பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும் குணம்... இவைதான் அடையாளம். 1954-ல் அமெரிக்காவின் அலபாமாவில், கூரையைப் பொத்துக்கொண்டு வந்த ஒரு கல், ரேடியோவில் மோதித் தெறித்து, சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் இடுப்பில் பட்டது. பெரிய கன்றிப்போன காயம், உயிருக்கு ஆபத்தில்லை.

பெரிய கல் வந்தால் கதையே வேறு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் அளவுள்ள சிறுகோள் ஒன்று, 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. சுமார் 1,500 பேருக்குக் காயம். கல் விழுந்து அல்ல, கண்ணாடி குத்தி! வெளிச்சத்தைப் பார்த்து 'என்ன அது' என்று ஜன்னலுக்கு ஓடியிருக்கிறார்கள். அதிர்வலை நிதானமாக, ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத்தான் வந்தது. அப்படியொரு வெளிச்சம் தெரிந்தால் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடாதீர்கள்.

கடைசியாக, நாமே மேலே அனுப்பிய குப்பை. எரிநட்சத்திரம் ஓரிரு நொடியில் மறைந்துவிடும். ராக்கெட் துண்டோ, பல துண்டுகளாக உடைந்து, அரை நிமிடத்துக்கும் மேலாக மெதுவாக நகரும். வாட்ஸ்அப்பில் 'விண்கல் வீடியோ' வந்தால் நொடிகளை எண்ணிப் பாருங்கள். 2023-ல் ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய மர்ம உருளை, நம் பி.எஸ்.எல்.வி ராக்கெட்டின் பாகம் என்பது பிறகு தெரியவந்தது.

நேரில் பார்க்க ஆசையா? டிசம்பர் 13, 14 நள்ளிரவுக்கு மேல், மார்கழி பிறக்க ஓரிரு நாள் இருக்கும்போது, மிதுன ராசிப் பக்கமிருந்து எரிநட்சத்திரங்கள் சீறும். டெலஸ்கோப் வேண்டாம். மொட்டைமாடி, ஒரு பாய், கொஞ்சம் பொறுமை போதும். அன்று மேகம் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.