நியூரம்பெர்க்கில் இரண்டு நாள்: பழமை என்னும் மயக்கம்

ஐரோப்பியப் பயணக் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் வாக்கியம் ஒன்று உண்டு: 'இவர்கள் பழமையை எவ்வளவு பொறுப்புடன் காப்பாற்றுகிறார்கள்!' அடுத்த வரியில், நம் கோயில் தூண்களுக்கு வண்ணம் பூசுவது பற்றிய புலம்பல் வரும். புலம்பல் நியாயமானதே. ஆனால் அதற்குச் சான்றாக ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரை அழைத்து வருபவர்கள், தாம் கண்டது இன்னதென்று அறியாமலே ஊர் திரும்பியிருக்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. ஒரு கருத்தரங்கின் பொருட்டுச் சென்று இரண்டு நாள் அங்கே தங்கிய நானும், முதல் நாள் முழுவதும் அக்குற்றத்தைச் செய்தவனே.

முதலில் அந்தப் 'பழமை'யைப் பார்ப்போம். 1945 ஜனவரி 2 அன்று நேச நாடுகளின் குண்டுவீச்சில் பழைய நகரின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் வாழ்ந்த வீடு, சேதமுற்றும் தப்பிப் பிழைத்த சிலவற்றுள் ஒன்று. மற்றபடி நாம் வியந்து படமெடுக்கும் செங்கூரை வரிசையில் பெரும்பகுதி போருக்குப் பின், பழைய தெருக்களின் போக்கைத் தழுவி எழுப்பப்பட்டது. இது குறையன்று. ஆனால் இதற்குப் பெயர் மறுபடைப்பு, பாதுகாப்பு அன்று. எதை மறுபடி எழுப்புவது, எதை விட்டுவிடுவது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் என்பதை இச்சொல் நமக்கு நினைவூட்டும்.

அடுத்து, நண்பகல் 12 மணி. ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தில் அன்னை மரியாள் ஆலயத்தின் முகப்பைப் பார்த்தபடி கூட்டம் நிற்கும். 1509இல் அமைந்த கடிகாரத்தின் பொம்மைகள் இயங்கத் தொடங்கும். ஏழு இளவரசர்கள் நான்காம் கார்ல் பேரரசரைச் சுற்றி வருவார்கள். கூட்டம் கைதட்டும். நானும் தட்டினேன்.

அந்தச் சதுக்கம் எப்படி உண்டாயிற்று? அது யூதர்களின் குடியிருப்பு இருந்த இடம். 1349இல் அதை இடித்துச் சந்தை அமைக்க இசைவு அளித்தவர் அதே நான்காம் கார்ல். அவ்வாண்டு டிசம்பரில் குறைந்தது 562 யூதர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுடைய தொழுகைக்கூடம் நின்ற இடத்தில்தான் ஆலயம் எழுந்தது. கொலைக்கு வழிவிட்டவரைப் பொம்மைகள் வலம்வர, கொலைக்களத்தில் நின்று கைதட்டிவிட்டு 'மரபு' என்று எழுதுகிறோம்.

இச்சங்கிலி அங்கே அறுபடவில்லை. 1933 முதல் 1938 வரை நாஜிக் கட்சியின் மாநாடுகள் ஆண்டுதோறும் இந்நகரில் நடந்தன. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935 செப்டம்பரில் இங்கேதான் அறிவிக்கப்பட்டன. நாஜிகள் இந்நகரைத் தேர்ந்ததற்கு அதன் இடைக்காலப் பெருமையும் ஒரு காரணம். பழமையை மட்டும் ரசிக்கும் கண் எவ்வளவு எளிதில் ஏமாற்றப்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

'ஓய்வுக்கு வந்தவன் தலையில் வரலாற்றுச் சுமையை ஏற்ற வேண்டுமா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். வேண்டாம், அமைதியாக ஓய்வெடுங்கள். இந்நகரின் விரல்நீளச் சாசேஜும் லெப்கூகன் பண்டமும் சுவையானவையே. ஆனால் ஊர் திரும்பி, ஒரு நாகரிகத்தின் மேன்மைக்குச் சான்றிதழ் வழங்கும் கட்டுரையை எழுதத் துணிந்தால், நீங்கள் ஓய்வெடுக்க வந்தவர் அல்லர், சாட்சி. சாட்சிக்குக் கடமை உண்டு.

உண்மையில் நியூரம்பெர்க்கிடம் கற்க வேண்டியது வேறு. மாநாட்டுத் திடலில் முடிக்கப்படாமல் நின்ற பிரம்மாண்ட அரங்கினுள் 2001இல் ஆவண மையம் திறக்கப்பட்டது. போர்க்குற்ற விசாரணை 1945 நவம்பர் முதல் 1946 அக்டோபர் வரை நடந்த 600ஆம் எண் நீதிமன்ற அறையை ஒட்டி 2010இல் நினைவகம் அமைந்தது. 1993இல் டானி கரவன் வடித்த மனித உரிமைகள் வீதியில், உலகப் பிரகடனத்தின் 30 பிரிவுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. இவை எவையும் உடனே வந்தவை அல்ல. தன் வெட்கத்தைக் காட்சிக்கு வைக்க அந்நகருக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆனால் வைத்தது.

பழைய கல்லைக் காப்பது கொத்தனார் வேலை; அதற்குப் பணம் போதும். பழைய குற்றத்தைக் காப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவர்களிடமிருந்து எதைக் கற்றோம் என்று இனி எழுதுவோர், முதலில் எதைப் பார்த்தோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.