கல்யாணக் கைவேலை: ஒரு செலவுக் கணக்கு

"வெளியில கொடுத்தா காசு, நாமளே செஞ்சா மிச்சம்." கல்யாண வீட்டில் இந்த வசனம் விழாத நாளே கிடையாது. ஆரத்தித் தட்டு, சீர்வரிசைத் தட்டு, முத்து ஒட்டிய தேங்காய், பட்டு நூல் சுற்றிய வளையல், ஆரி வேலை போட்ட ஜாக்கெட், பெயர் எழுதிய தாம்பூலப் பை... நீண்டுகொண்டே போகும் பட்டியல். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "மிச்சம்" எந்தக் கணக்கில் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. பி.காம் படிக்கிறவர்களாவது கேட்க வேண்டாமா?

காஸ்ட் அக்கவுண்டிங்கில் இரண்டாவது வாரமே ஒரு பாடம் வந்துவிடும். முதலாளி தன் சொந்தக் கடையில் தானே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தால், அவர் சம்பளம் வாங்காவிட்டாலும் அந்த உழைப்புக்கு ஒரு மதிப்பு உண்டு. இம்ப்யூட்டட் காஸ்ட் என்று பெயர். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. கல்யாண வீட்டுக்குள் நுழைந்தவுடன் மறந்துபோகிற பாடமும் இதுதான்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இருபத்தொரு சீர்த் தட்டு. ஒரு தட்டை அலங்கரிக்க மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 63 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாகப் பார்த்தால் கிட்டத்தட்ட எட்டு ஷிப்ட்! மணிக்கு வெறும் ஐம்பது ரூபாய் போட்டாலும் 3,150 ரூபாய். இதில் பசை, ஜரிகை, மணி, குந்தன் கல் எதுவும் சேரவில்லை. தட்டின் ஆயுள்? வண்டியில் இருந்து இறக்கி மேடை வரை. போட்டோ எடுத்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் போட்டால் இன்னும் சுவாரசியம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998இல் வெளிவரத் தொடங்கிய பிறகு இந்தப் பகுதியின் முகமே மாறியது. 2006இல் நோக்கியா வந்தது, 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடியது. போன் போனாலும் வேலை போகவில்லை, வேறு கம்பெனிகள் வந்தன. சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று கம்பெனி பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்த பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களில் பெரும்பகுதி கல்யாண வயதில் இருக்கும் பெண்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று அரசு திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். கட்டச் செலவு 706.50 கோடி ரூபாய். ஒரு சின்ன டவுனையே கட்டி முடித்த மாதிரி.

இப்போது சொல்லுங்கள். மூன்று ஷிப்டில் மாறி மாறி வேலை பார்க்கும் பெண், தன் கல்யாணத்துக்கு 63 மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பாள்? எடுக்க மாட்டாள், எடுக்கவும் முடியாது. வேலை அம்மா தலையில் விழும். இல்லையென்றால் தங்கச்சி, சித்தி, அத்தை, எதிர்வீட்டு அக்கா. அண்ணன்காரன் பசை டப்பா மூடியைக்கூடத் திறந்திருக்க மாட்டான் (பந்தல்காரருக்கு போன் போடுவது அவன் டிபார்ட்மென்ட்). "நாமளே செஞ்சா" என்பதில் உள்ள "நாம" யார் என்று பார்த்தால் அநேகமாகப் பெண்கள் மட்டும்தான்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வருகிறது. 1942 மார்ச் 26ஆம் தேதி அலகாபாத்தில் நடந்த கல்யாணத்தில் இந்திரா கட்டியிருந்தது, அப்பா நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த இளஞ்சிவப்புக் கதர்ப் புடவை. 1968இல் ராஜீவைக் கைபிடித்தபோது சோனியாவும் அதே புடவையைத்தான் கட்டினார். அந்த ராஜீவ் 1991 மே 21 அன்று உயிர்விட்ட ஊர் இதே ஸ்ரீபெரும்புதூர் என்பது வேறு விஷயம். கைவேலைக் கல்யாணம் என்றால் இதைவிடப் பெரிய உதாரணம் இந்தியாவில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் கவனித்தீர்களா, நூற்றது அப்பா! அவருக்கு நூற்க நேரம் இருந்தது, சிறையில் இருந்தார். பொருளோ ஒரு நாள் கூத்தாக முடியாமல் அடுத்த தலைமுறைக் கல்யாணத்துக்கும் வந்தது. யார் செய்கிறார்கள், நேரம் எங்கிருந்து வருகிறது, செய்த பொருள் எத்தனை நாள் உழைக்கும். இந்த மூன்றையும் கேட்காமல் "ஹேண்ட்மேட்" என்று பூரிப்பதில் அர்த்தம் இல்லை.

அதற்காகக் கைவேலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாலு பேர் கூடி உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு செய்கிற வேலையில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் அதற்கு இடம் கிடையாது, அதனால் அது இல்லை என்று ஆகிவிடாது. பாலிகை தெளிப்பதைப் பாருங்கள். சின்ன மண் கிண்ணங்களில் நவதானியத்தைத் தூவித் தண்ணீர் தெளித்தால் முடிந்தது, அரை மணி நேரம்கூட ஆகாது. பாட்டி முதல் பேத்தி வரை ஆளுக்கு ஒரு கை போடலாம். பந்தக்கால் நடுவது, வாசலில் மாவிலை கட்டுவது எல்லாம் அப்படித்தான். யாரோ ஒருத்தியின் முதுகை ஒடிக்காத வேலைகள்.

தாம்பூலப் பையையும் இதில் சேர்க்கலாம். மணமக்கள் பெயர் அச்சடித்த மஞ்சப்பை ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கல்யாணத்தின் அடையாளம். நடுவில் பிளாஸ்டிக் பை வந்து அதை ஓரம்கட்டியது, மஞ்சப்பை என்றாலே பட்டிக்காட்டான் என்று கிண்டலும் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை, 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம். கிண்டல் செய்த பொருளையே அரசு தூக்கிக் கொண்டாட வேண்டியதாயிற்று. வீட்டில் தையல் மெஷின் இருந்தால் நேர்த்தையல் தெரிந்த யாரும் தைக்கலாம். வந்தவர் அதை அடுத்த வருஷமும் காய்கறிக் கடைக்கு எடுத்துப் போவார். சீர்த் தட்டுக்கு அந்த பாக்கியம் உண்டா?

இன்னொன்று. கைவேலை என்றால் சொந்தக் கைதான் என்று யார் சொன்னது? திருநெல்வேலிச் சீமையில் பத்தமடைப் பாய் இருக்கிறது. கோரையை ஊறவைத்து, நாராகக் கிழித்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். கல்யாணப் பாய் என்றால் பெண், மாப்பிள்ளை பெயரையும் சேர்த்தே நெய்வார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், பாய் போய்ச் சேர்வதோ எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும். அந்தக் கைக்குக் கூலி உண்டு, பெயர் உண்டு, புவிசார் குறியீடும் உண்டு. பக்கத்தில் இருக்கும் காஞ்சிபுரத்துப் பட்டும் அப்படித்தான்.

ஆனால் தெருவிலேயே ஆரி வேலை செய்யும் அக்காவின் கதை வேறு. கட்டையில் துணியை இழுத்துக் கட்டி, ஒரு சின்ன கொக்கி ஊசியால் மணி மணியாகக் கோத்து, கண்ணும் கழுத்தும் வலிக்க வலிக்க ஒரு ஜாக்கெட்டை முடிப்பார். பெரிய கடையில் போட்ட விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிற அதே குடும்பம், இவரிடம் வந்து பேரம் பேசும். "வீட்ல சும்மா உக்காந்து பண்றதுதானே!" என்று ஒரு வார்த்தை வேறு. அம்மாவின் 63 மணி நேரத்துக்கு மதிப்புப் போடாத வீடு இந்த அக்காவின் நேரத்துக்கு மட்டும் எப்படி மதிப்புப் போடும்? இரண்டும் ஒரே வியாதிதான்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்த இருபத்தொரு தட்டில் என்ன இருக்கிறது? பழம், பூ, ஸ்வீட் என்று ஆரம்பிக்கும். பிறகு பட்டு, வெள்ளி, பைக் சாவி, நகைப் பெட்டி. மேலே ஜரிகையும் முத்தும் ஒட்டியவுடன் எல்லாமே ஒரே மாதிரி அழகாகத் தெரிகிறது. எது ஆசையாகக் கொடுத்தது, எது கேட்டு வாங்கியது என்ற வித்தியாசம் அலங்காரத்துக்கு அடியில் மறைந்துவிடுகிறது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லிப் பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். பெண்ணின் சம்பளம் வரதட்சணையாக மாறும் வழி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

கல்யாணத்துக்குப் பிறகு சம்பளம் தொடரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள பாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 2022இல் ஆள் எடுப்பில் சில குறைகள் இருந்தன, திருத்திவிட்டோம் என்று சொன்ன நிறுவனம் பாகுபாடு காட்டுவதாகச் சொன்னதை மறுத்தது. மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அது எப்படி வேண்டுமானாலும் போகட்டும். தாலி ஏறும் நாளில் ஒரு பெண் கையில் வைத்திருக்கும் சேமிப்பு எவ்வளவு முக்கியம் என்பது மட்டும் புரிந்தால் போதும்.

கல்யாண வீட்டில் அத்தனை பரபரப்பிலும் ஒரு கணக்கு மட்டும் தவறாது, மொய் நோட்டு. வாசலில் மேஜை போட்டு, மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ஊர் பெயரோடு ஐம்பத்தொரு ரூபாய்கூட விடுபடாமல் எழுதுவார்கள். நாளை திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அல்லவா! ஆனால் பெண்ணுக்கு வந்த நகைக்கும் பாத்திரத்துக்கும் பணத்துக்கும் ஒரு நோட்டு? கிடையாது. கேட்டால் "சொந்தத்துக்குள்ள எதுக்கு கணக்கு" என்பார்கள். மொய் வைத்தவரும் சொந்தம்தானே?

1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி, யாரும் கேட்காமல் கொடுத்த அன்பளிப்பு குற்றமாகாது, ஆனால் அதைப் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். பட்டியலை எப்படி எழுதுவது என்று 1985இல் தனியாக விதிகளே வந்தன. எத்தனை கல்யாண வீட்டுக்கு இது தெரியும்? அலங்காரத்துக்குப் போகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய பட்டுத் துணியில் அட்டை போட்டு, ஓரத்தில் நாலு மணி ஒட்டி, தங்கச்சியே ஒரு நோட்டு தயார் செய்யலாம். உள்ளே கோடு போட்டு நாலு பத்தி: பொருளின் விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், என்ன உறவு. கடைசிப் பக்கத்தில் பெண், மாப்பிள்ளை இருவர் கையெழுத்தும். முடிந்ததும் நோட்டு இருக்க வேண்டிய இடம் பெண்ணின் பெட்டி.