அடிவயிறு என்று சொல்லிவிட்டேன்

சென்ற ஆண்டு திருவனந்தபுரத்தில், ஒரு தனியார் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் நான் ஒரு பொய் சொன்னேன். "எவிடெயா வேதன?" என்று செவிலியர் கேட்டார். சொற்களின் பொருள் மாற்றத்தை ஆராய்ந்து முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருப்பவள் நான். மலையாளத்திலும் தமிழிலும் உடலுறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருப்பவள். அந்தக் கணத்தில் என் வாயில் வந்தது "அடிவயிறு" என்ற ஒரு சொல்தான். அடுத்த கேள்வி, "கல்யாணம் கழிஞ்ஞதாணோ?" அதன்பின் உண்மையைச் சொல்லும் எண்ணமே போய்விட்டது. சிறுநீர்ப் பரிசோதனைக்கான சீட்டோடும் வயிற்றெரிச்சலுக்கான மாத்திரையோடும் வெளியே வந்தேன்.

வலித்தது வயிறு அன்று. அடிவயிறு முடிந்து, பூப்பெலும்பின் மேல் தசை மேடாக எழும் இடத்தில் நான்கு மாதங்களுக்கு முன் ஒரு துளையிட்டுக்கொண்டிருந்தேன். புற இதழ்கள் மேலே கூடும் பிளவில் தொடங்கி, தோலுக்கடியில் சென்று, சற்று மேலே வெளிவரும் துளை அது. துளையிடுவோர் அதைக் கிறிஸ்டினா என்பர். ஏன் செய்தாய் என்று கேட்போருக்கு என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அழகாக இருக்கும் என்று தோன்றியது. மூக்குத்திக்கு இதைவிடப் பெரிய காரணத்தை யாரும் கேட்பதில்லை.

ஆனால் மூக்குத்திக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதை நான் முன்னரே அறிந்திருக்க வேண்டும். காதுமடலில் இடும் துளை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறது. மேற்றோல் துளையிலோ நுழைவதும் வெளிவருவதும் ஒரே பரப்பில்தான். ஆகவே உடல் அந்த உலோகத்தைக் காலில் தைத்த முள்ளைப்போல நடத்துகிறது. நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே தள்ளுகிறது. நல்ல டைட்டானியம் கம்பி, இடத்துக்கேற்ற வளைவு, கொதிநீராவியில் தூய்மை செய்த உட்குழல் ஊசி ஆகிய மூன்றும் சரியாக அமைந்தாலும் ஆறுவதற்கு ஆறு மாதமோ ஓராண்டோ ஆகலாம். ஆறாமலே உதிரவும் கூடும். நம் ஊர்க் காற்றின் ஈரமும் வியர்வையும், காரியவட்டம் வரை இருசக்கர வண்டியில் போய்வரும் உராய்வும் இதற்குப் பகை. காது குத்தினால் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவுகிறோமே, அதே பழக்கத்தில் நானும் முதல் வாரம் தேங்காயெண்ணெய் தடவினேன். துளையின் வாயை அடைத்து அழுக்கைத் தேக்குவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. டெட்டாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக வளரும் தோலை அரிக்கும். வேண்டியது 0.9 விழுக்காட்டு உப்புநீர் மட்டுமே. மருந்துக்கடையில் நார்மல் சலைன் என்று கேட்டால் கிடைக்கும். கை கழுவுதல், தளர்ந்த பருத்தி ஆடை, ஆறும்வரை உடலுறவைத் தவிர்த்தல், கம்பியைத் திருகிப் பார்க்காமல் இருத்தல் ஆகியவைதான் மீதி. கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கடினம்.

இரு துளைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு குறைவதும், தோல் மெலிந்து அடியில் கம்பி தெரிவதும் உடல் அதைத் தள்ளத் தொடங்கிவிட்டதற்கான அறிகுறிகள். அப்போதே எடுத்துவிட்டால் வடு சிறிதாக இருக்கும். சீழும் காய்ச்சலும் பரவும் சிவப்பும் இருந்தால் கதை வேறு. அப்போது தானாகக் கழற்றினால் துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளே தங்கிவிடக் கூடும். மருத்துவரிடம் போக வேண்டும். போய், வாயைத் திறந்து இடத்தைச் சொல்ல வேண்டும்.

அங்கேதான் என் துறை எனக்குக் கைகொடுக்கவில்லை. தமிழ் நாளிதழ்கள் இவ்வுறுப்பை 'மர்ம உறுப்பு' என்று எழுதும். வடமொழியில் மர்மம் என்பது உயிர் தங்கும் இடம், அடிபட்டால் ஆபத்தான இடம். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் இன்றும் அந்தப் பொருளிலேயே வழங்குகின்றனர். பொதுத் தமிழில் அச்சொல் புதிர் என்று திரிந்துவிட்டதால், உடலிலேயே விளங்காத ஓர் உறுப்பு நமக்கு வாய்த்திருக்கிறது. மலையாளத்தின் 'குஹ்யபாகம்' மறைவான பகுதி. இலத்தீன் இன்னும் ஒரு படி மேல்: 'புடெண்டா' என்றால் வெட்கப்பட வேண்டியவை. சங்கப் பாடல்களில் அல்குல் என்ற சொல் தயக்கமின்றி வருகிறது. அது இடையா, இடைக்குக் கீழா, பிறப்புறுப்பா என்று நம் அறிஞர்கள் இன்றுவரை வாதிடுகின்றனர். அந்த வாதத்தில் பாதி சொல்லாராய்ச்சி, பாதி கூச்சம் என்பது என் ஐயம்.

இந்தத் துளையே மேலைநாட்டுக் கூத்து என்று சொல்வோருக்கு ஒரு செய்தி. காமசூத்திரத்தின் ஏழாம் பகுதி, காது குத்துவதுபோல் ஆண்குறியிலும் துளையிடுவது தென்னாட்டார் வழக்கம் என்கிறது. அது மேற்றோல் துளை அன்று, உறுப்பின் ஊடே செல்லும் துளை. அந்தத் தென்னாட்டார் யார், வடநாட்டு நூலாசிரியர் கேள்விப்பட்டதை நம்மேல் ஏற்றினாரா என்பதெல்லாம் தனி விவாதம்; இதைக் கொண்டு பெருமை பேச நான் வரவில்லை. என்னைக் கவர்ந்தது, துளையிட்ட பின் என்ன செய்வது என்று அந்நூல் விரிவாகச் சொல்வதே. குருதி நிற்கும்வரை நீரில் நிற்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் கசாயத்தால் கழுவ வேண்டும். தேனும் அதிமதுரமும் இட்டுத் தூய்மை செய்ய வேண்டும். சிறு குச்சிகளால் துளையைப் படிப்படியாக அகலமாக்க வேண்டும். துளை மூடாதிருக்க அன்றிரவே கலவியில் ஈடுபடச் சொல்கிறது; ஈயத் தகட்டையும் சேங்கொட்டை நெய்யையும் பரிந்துரைக்கிறது. இவற்றை யாரும் பின்பற்றிவிடாதீர்கள். ஈயம் நஞ்சு, சேங்கொட்டை தோலைப் பொசுக்கும். மருத்துவம் பிழையாக இருக்கலாம். ஆனால் புண் என்று ஒன்று உண்டு, அதைப் பேண வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். காது குத்துவதற்கும் அதன்பின் பேணுவதற்கும் சுசுருத சம்ஹிதையில் தனி அத்தியாயமே உண்டு. அணிகலனும் நமக்குப் புதிதன்று. பெண் குழந்தையின் அரைஞாணில் வெள்ளி அரைமூடி கோத்துப் பார்த்து மகிழ்ந்தவர்கள்தாம் நம் பாட்டிமார்.

இந்த நகரத்துக்கு மேற்றோல் துளையும் புதிதன்று. ஆற்றுகால் பொங்கலையை ஒட்டிய குத்தியோட்டத்தில் விரதமிருக்கும் சிறுவர்களின் விலாத்தோலில் மெல்லிய உலோகக் கம்பியைக் கோக்கும் சடங்குக்குச் சூரல்குத்து என்று பெயர். 2018இல், அப்போது சிறைத்துறைத் தலைவராக இருந்த ஆர். ஸ்ரீலேகா அதை எதிர்த்து வெளிப்படையாக எழுதினார். கேரளக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. நான் ஸ்ரீலேகாவின் பக்கம். வேண்டாம் என்று சொல்ல இயலாத வயதில் குத்துவது எந்தப் பெயரில் நடந்தாலும் தவறு. ஆனால் அவ்வளவு பேர் பார்க்க ஒரு சிறுவனின் தோலைக் குத்தியதைப் பக்தி என்று ஏற்ற ஊரில், வளர்ந்த பெண் தன் விருப்பத்தில் செய்துகொண்டதைச் சொன்னால் 'உனக்கென்ன கேடு' என்கிறார்கள்.

மறுபுறமும் குழப்பம்தான். உலக சுகாதார நிறுவனம் பெண் பிறப்புறுப்புச் சிதைப்பை நான்கு வகையாகப் பிரிக்கிறது. நான்காம் வகையில் துளையிடுதலும் உண்டு. சிறுமிகளைக் காக்க எழுந்த வரையறை அது, தேவையானது. ஆனால் இங்கிலாந்தில் 2015 முதல், வயதுவந்தவள் விரும்பி இட்ட துளையும் மருத்துவமனைப் பதிவேட்டில் அதே தலைப்பின் கீழ் ஏற வேண்டும் என்றானது. அந்த இருவரையும் ஒரே கட்டத்தில் எழுதும் பதிவேடு, ஒப்புதல் என்ற சொல்லையே கணக்கில் எடுக்கவில்லை. என் ஒப்புதலும் முழுமையானது என்று சொல்லமாட்டேன். உதிரக்கூடும் என்பதைத் துளையிட்டவர் ஒருவரியில் சொல்லிக் கடந்தார்; நான் கூச்சத்தில் மறுகேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வகைத் துளையைத் தேர்ந்திருக்கமாட்டேன். ஒரு தோழி இன்று என்னிடம் கேட்டால், அந்த இடத்தில் மேற்றோல் துளை வேண்டாம் என்றே சொல்வேன்.

பொய் சொன்ன பன்னிரண்டாம் நாள், காய்ச்சல் கண்டபின், வேறொரு மருத்துவமனைக்குப் போனேன். இம்முறை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றேன்: எங்கே துளை, எந்த உலோகம், எத்தனை மாதம், எப்போதிலிருந்து சீழ். வயதான மருத்துவர் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "முந்தின ஆஸ்பத்திரியில் பார்க்கவில்லையா?" என்றார். வயிறு என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி எழுதினார், வீக்கம் வடிந்தபின் நான்காம் நாள் வரச்சொல்லிக் கம்பியை எடுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வடு ஓர் அரிசிமணி நீளம் இருக்கும். நான் எழுதிய தாளை என் கோப்பிலேயே சேர்த்துத் தைத்துவிட்டார்.