முதல் போன் 1930-க்கு!

"இது எங்க லிமிட் இல்லம்மா. சைபர் கிரைமுக்குப் போங்க."

எங்கள் தெரு டெய்லர் அக்காவுக்கு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனில் கிடைத்த பதில் இது. 'கரன்ட் பில் பாக்கி' என்று வந்த லிங்க்கைத் தொட்டதில் 42,000 ரூபாய் போயிருந்தது. சைபர் கிரைம் அலுவலகத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை. அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டிவிட்டது.

மோசடி ஆட்களுக்கு வேண்டியது இந்த அவகாசம்தான். 1930-க்கு உடனே போன் செய்தால், புகார் வங்கிகளுக்குப் போகும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ, அங்கேயே முடக்க முடியும். ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் முடக்க ஒன்றுமில்லை. 2021-ல் மத்திய உள்துறை கொண்டுவந்த ஏற்பாடு இது. அன்று அக்காவுக்கு அந்த எண்ணை யாரும் சொல்லவில்லை.

'லிமிட்' என்பதும் செல்லாத சாக்கு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஆள்மாறாட்டம் செய்து பணம் பறிப்பதும் அந்த வகைதான்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஸ்டேஷன் வரவேற்பில் இருப்பவர், பதறி வருபவரை உட்காரவைத்து முதலில் 1930-க்கு போன் போட்டுக் கொடுக்கட்டும். புகார் எண்ணைக் கையில் எழுதிக் கொடுக்கட்டும். விசாரணையெல்லாம் அப்புறம்.

அக்கா இப்போது தையல் மிஷின் மேலே '1930' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். ஸ்டேஷன் வாசலில் அதைப் பெரிதாக எழுதிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்?