திகிற்கதையும் கரும்பலகைப் பட்டியலும்

சென்ற பருவத்தில் ஒரு நாள், ஆங்கில உபாத்தியாயரான நண்பர் ஒருவருடைய வகுப்பில், அவருடைய அநுமதியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பீரியட் முழுவதும் பாடம் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. நான்-டீடெயில் வகுப்பு, கதை, டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்'. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே கரும்பலகையின் இடப்பக்கத்தில் இருபது அருஞ்சொற்களும் அவற்றின் பொருளும், வலப்பக்கத்தில் முன்னுணர்த்தல், முரண்நகை, பின்புலம், உச்சம் என்னும் இலக்கியக் கூறுகளும் அழகான கையெழுத்தில் இடம் பெற்றுவிட்டன. முன்னுணர்த்தலுக்கு ஓர் உதாரணம் வேண்டுமே என்று, மகன் ஹெர்பர்ட் இயந்திரத்தில் அகப்பட்டு இறக்கப் போவதை ஆசிரியர் ஆரம்பத்திலேயே ஜாடையாகக் காட்டிவிடுகிறார் என்று நண்பர் விளக்கமும் தந்தார். கதையில் தகப்பனார் சதுரங்கக் காயை நகர்த்தும் முன்னரே மகன் மாண்டு போனான். பிள்ளைகள் அந்தச் சேதியைச் சிரத்தையாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நண்பரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. பரீக்ஷையில் கேட்கப்படுவது சொற்பொருளும் கூறுகளின் பெயருமே ஆகையால், அவற்றை முதலில் கொடுத்துவிடுவது தர்மம் என்று நாமும் பல வருஷங்கள் எண்ணிச் செய்துவந்தோம். இப்போது நமக்கு உறுதிப்பட்டிருக்கும் அபிப்பிராயம் வேறு. பிற கதைகளில் எப்படியாயினும், படிப்பவன் மனத்தை அந்தரத்தில் நிறுத்திவைப்பதையே தொழிலாகக் கொண்ட கதைகளில், அருஞ்சொல் என்பது வழியில் கிடக்கும் கல் அன்று. பல இடங்களில் அதுவே கதையின் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே அழைத்துச் சென்றால், எந்தக் கதவுக்காக அவர்கள் அஞ்சுவார்கள்?

1842-இல் ஹாதார்னின் கதைத் தொகுதிக்குக் 'கிரஹாம்ஸ்' பத்திரிகையில் மதிப்புரை எழுதிய எட்கர் ஆலன் போ, கதை என்பது ஒரே அமர்வில், அதாவது அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், படித்து முடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்றும், எழுதுபவன் முதலிலேயே நிச்சயித்துக்கொண்ட ஒரே உணர்ச்சி விளைவை நோக்கி ஒவ்வொரு சொல்லும் செல்ல வேண்டும் என்றும் வற்புறுத்தினார். இந்தச் சித்தாந்தத்தை நாம் எழுத்தாளனுக்குரிய விதியாகவே பாடம் சொல்லிவருகிறோம். உபாத்தியாயருக்கும் அது விதியே என்பதை மறந்துவிடுகிறோம். 'குரங்கின் பாதம்' கதையை நிதானமாக வாய்விட்டுப் படித்தால் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகும். ஒரு பீரியடுக்குள் தாராளமாக அடங்கும் கதையை ஒரு வாரத்துக்குப் பங்கு போட்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று வியாக்கியானம் செய்துகொண்டு போனால், போ கேட்ட அந்த ஒரே விளைவு எங்கே நிற்கும்?

ஆகவே முதல் வாசிப்பு தடையின்றி, முழுவதுமாக, உரத்த குரலில் நடைபெற வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். சொற்கள் தெரியாமல் பிள்ளைகள் தவிப்பார்களே என்று அஞ்ச வேண்டியதில்லை. ஹெர்பர்ட்டை அவன் தாய் 'ஆன்டிமக்காஸர்' ஒன்றைக் கையில் ஏந்தி விளையாட்டாகத் துரத்துகிறாள். நாற்காலிச் சாய்மானத்தில் தலையெண்ணெய் படாதபடி போட்டுவைக்கும் துணி அது என்பதும், செலிபிஸ் தீவின் மக்காஸர் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய கூந்தல் தைலத்தை முன்னிட்டு அதற்கு அப்பெயர் வந்தது என்பதும் பின்னால் சொல்லிக்கொள்ளக் கூடிய ஸ்வாரஸ்யங்கள். துரத்துகிறாள் என்பது புரிந்தால் அப்போதைக்குப் போதும். ஆனால் முடிவில் வாசற்கதவு தட்டப்படும்போது ஜேக்கப்ஸ் 'ஃபியூசிலேட்' என்ற சொல்லைப் பிரயோகிக்கிறாரே, அது வேறு ஜாதி. பல துப்பாக்கிகள் ஒருங்கே வெடிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. ஹெர்பர்ட்டின் தகப்பனாரான கிழவர் இருட்டில் தரையைத் தடவி, வரம் தரும் குரங்கின் பாதத்தைத் தேடுகிறார். கிழவி எட்டாத தாழ்ப்பாளை எட்டுவதற்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். அந்தக் கணத்தில்தான் தட்டும் ஓசை வேட்டுத் தொடராகிறது. கரும்பலகையில் பதினேழாவது எண்ணுக்கு நேராக அதைக் கண்டு மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அந்த இடத்தில் வேட்டு வெடிப்பதில்லை. தெரிந்த முகம் ஒன்று தெருவில் எதிர்ப்பட்டாற்போலக் கடந்துபோகிறது.

மேலும், அக்கதையின் மிகப் பயங்கரமான இரண்டு பொருள்களுக்குச் சொல்லே இல்லை. கதவுக்கு வெளியே நின்றது என்ன என்று ஜேக்கப்ஸ் வருணிக்கவில்லை. கிழவர் கேட்ட மூன்றாவது வரம் இன்னது என்றும் வெளிப்படச் சொல்லவில்லை. நாம் சென்றிருந்த வகுப்பில் மணி அடிக்கும் தறுவாயில் ஒரு பெண் எழுந்து அந்த வரத்தைப் பற்றித்தான் கேட்டாள். அது பாடத்தில் இல்லை அம்மா, என்றார் நண்பர். அந்த மணி நேரத்தில் எழுந்த ஒரே இலக்கியக் கேள்வி அதுதான்.

சொற்பட்டியலை அறவே ஒழிக்கச் சொல்கிறோமா என்றால், இல்லை. அதற்கு உரிய இடம் முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் நடுவே. 1846-இல் வெளிவந்த போவின் 'அமான்டில்லாடோ பீப்பாய்' இதற்கு நல்ல சாக்ஷி. ஃபார்ச்சுனாட்டோ, தன்னை நிலவறைக்குள் இட்டுச் செல்லும் மான்ட்ரெஸரைப் பார்த்து நீ 'மேசன்' தானா என்று ஐயுறுகிறான். ஃப்ரீமேசன் சங்கத்து அங்கத்தினனா என்பது அவன் கேள்வியின் பொருள். மற்றவனோ ஆம் என்று சொல்லி, அங்கிக்குள்ளிருந்து ஒரு கரணையை எடுத்துக் காட்டுகிறான். முதல் முறை இது ஒரு கொத்தனார்ப் பகடி. ஃபார்ச்சுனாட்டோவை உள்ளே வைத்து மூடும் சுவர் எழும்பி முடிந்த பிறகு, 'மேசன்' என்பதன் இரண்டு பொருளையும் அறிந்து திரும்ப வந்து படிக்கும் மாணவனுக்கு அதே வரியில் முதுகு சில்லிடும்.

இன்னும் நுட்பமான சங்கடம், தெரிந்த சொல்லால் விளைவது. பர்மாவில் பிறந்தவரும் 'சாக்கி' என்னும் புனைபெயரால் அறியப்பட்டவருமான ஹெக்டர் ஹியூ மன்ரோவின் 'திறந்த ஜன்னல்', 1914-இல் வெளியான தொகுதியில் இருப்பது, பத்தே நிமிஷத்தில் படித்துவிடக் கூடியது. நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வு தேடி வந்த நட்டெல் என்பவரிடம் பதினைந்து வயதுப் பெண் வீரா, மூன்று வருஷத்துக்கு முன் இதே நாளில் அந்த ஜன்னல் வழியே வேட்டைக்குச் சென்ற மூவர் சேற்றில் அமிழ்ந்து போனதாகக் கதை கட்டுகிறாள்; அந்தி மயங்கும் வேளையில் மூவரும் நடந்து வருகிறார்கள்; நட்டெல் ஓட்டமெடுக்கிறார். கதையின் இறுதி வாக்கியம் அவளுடைய சாமர்த்தியத்தைக் குறிக்க 'ரோமான்ஸ்' என்ற சொல்லை ஆளுகிறது. சினிமா விளம்பரத்தில் அச்சொல்லைக் காதல் என்று மட்டுமே அறிந்த நம் பிள்ளைகள், அவள் நட்டெல் மீது மையல் கொண்டாள் போலும் என்று எழுதிய விடைத்தாள்களை நாம் ஒன்றுக்கு மேற்பட்டுத் திருத்தியிருக்கிறோம். அற்புதக் கற்பனை, புனைசுருட்டு என்னும் பழைய பொருள் அதற்கு உண்டு என்பதைப் பட்டியல் போடுகிறவர் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. எளிய சொல் என்று தள்ளிவிடுகிறார்கள். அப்பெண்ணின் பெயர் லத்தீனில் சத்தியத்தைச் சுட்டுவது என்று அதோடு சொல்லிவிட்டால், முரண்நகை என்ற கூறுக்குத் தனி விளக்கம் தேவையே இராது.

அதே கதையில் நட்டெல் ஓடியதற்கு வீரா உடனே ஒரு காரணம் ஜோடிக்கிறாள்: கங்கைக் கரையில் ஒரு சுடுகாட்டிலோ இடுகாட்டிலோ 'பரையா' நாய்கள் அவரைத் துரத்தினவாம். தமிழ் வகுப்பறையில் இந்தச் சொல்லை அவசரமாகக் கடந்துபோகிற வழக்கம் உண்டு. கடந்துபோகலாகாது என்பது நம் கருத்து. பறை என்னும் வாத்தியத்தோடு உறவுடைய நம் நாட்டுச் சமூகம் ஒன்றின் பெயர், தமிழிலிருந்து ஐரோப்பியர் நாவேறி, ஒதுக்கப்பட்டவன் எவனுக்கும் பொதுப் பெயராகி, பின் ஆங்கிலேயர் வாயில் தெருநாய்க்கும் அடைமொழியாயிற்று. அகராதியில் இருப்பதை மாத்திரம் எழுதிப் போட்டால், அந்த வகுப்பில் தலை குனியும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். சொல்லின் சரித்திரத்தை, அதில் ஏறிய அநீதியோடு, நேர்முகமாக எடுத்துச் சொன்னால் நிமிர்ந்து கேட்கும். அதற்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். கதையைத் தடையின்றிப் படித்திருந்தால், நட்டெல் ஓடிய பிறகு அந்த ஐந்து நிமிஷமும், அதற்கு மேலும், மணி அடிப்பதற்குள் நம் கையில் இருக்கும்.