அதிர்ஷ்டம் பாக்கி வைப்பதில்லை

ஆன்லைன் போக்கர் ஆடுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. ஹோல்டம் மேனேஜர், போக்கர்டிராக்கர் போன்ற மென்பொருள்கள் ஆட்டக் கணக்கை வரைபடமாகக் காட்டும்போது இரண்டு கோடுகள் வரும். ஒன்று, உண்மையில் கைக்கு வந்த பணம். மற்றது, அதிர்ஷ்டத்தைக் கழித்துப் போட்ட 'ஆல்-இன் இவி' கணக்கு; கையிலிருப்பதை மொத்தமாகப் பந்தயம் கட்டும் ஆல்-இன் ஆட்டங்களில், வாய்ப்புப்படி சராசரியாக வரவேண்டிய தொகை (இவி). இரண்டாவது கோடு மேலே இருந்துவிட்டால் போதும், "என் ஆட்டத்தில் குறையில்லை, சீட்டுதான் சதி செய்கிறது, வரவேண்டியது வந்து சேரும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் பாதிக்கு ஆதாரம் போதாது. கடைசிப் பாதி முழுத் தவறு. தோற்றுக்கொண்டிருப்பவரை மேஜையை விட்டு எழவிடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த நம்பிக்கைதான்.

அந்தக் கோடு எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். உங்களிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங். பொதுச்சீட்டு ஒன்றுகூட விழுமுன் ஆளுக்கு 1,000 டாலரை உள்ளே தள்ளிவிட்டீர்கள். ஏஸ் ஜோடி ஜெயிக்க ஏறக்குறைய 82 சதவீத வாய்ப்பு. தளத்தின் கமிஷனை விட்டுவிட்டால், 2,000 டாலரில் 1,640 உங்கள் பங்கு; போட்டதைக் கழித்து 640 லாபம் என்று மென்பொருள் எழுதிக்கொள்ளும். மூன்றாவது கிங் விழுந்து ஆயிரமும் பறிபோனாலும் அந்தக் கோட்டில் லாபம்தான்.

இப்போது எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள். கிங் ஜோடிக்காரர் கணக்கில் அதே ஆட்டம் 640 நஷ்டமாக ஏறும். அந்த இடத்தில் கிங் ஜோடியை ஃபோல்ட் செய்கிறவர், அதாவது பணம் கட்டாமல் விலகுகிறவர், அபூர்வம். தன் கிங் ஜோடிக்கு எதிரே ஏஸ் ஜோடி வந்தது துரதிர்ஷ்டம் இல்லாமல் வேறென்ன? அதைக் கோடு கழிப்பதே இல்லை. ரிவர் எனும் கடைசிச் சீட்டுக்கு முன்பே ஆல்-இன் ஆகி, சீட்டுகள் திறந்து காட்டப்பட்ட ஆட்டங்களை மட்டும்தான் அது திருத்துகிறது. ரிவரில் எதிராளிக்கு ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) சேர்ந்து, அதன்பிறகு நீங்கள் மொத்தத்தையும் கொட்டினால் ஒரு காசுகூடத் திருத்தம் கிடையாது. நல்ல சீட்டே வராத இரவு, நீங்கள் செட் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு) அடித்த நேரம் பார்த்து எதிராளி ஒன்றுமில்லாமல் விலகிக்கொண்டது, பக்கத்தில் வந்து அமர்ந்த கற்றுக்குட்டி, எதுவும் அதில் ஏறாது.

'பாக்கி' என்ற எண்ணம் இன்னும் மோசம். இவி கோட்டுக்கு 5,000 டாலர் கீழே இருப்பவருக்கு, இனிவரும் ஆட்டங்களில் அதற்காக எதிர்பார்க்கக்கூடிய ஈடு பூஜ்யம். ஆட்டம் கூடக்கூட, ஓர் ஆட்டத்துக்கான சராசரி வித்தியாசம் சுருங்கும். மொத்தத் தொகையில் உள்ள இடைவெளி அப்படியே நிற்கலாம், இன்னும் அகலலாம். சராசரிக்கான விதியைப் பணப்பைக்குப் பொருத்திப் பார்ப்பதால் வரும் வினை இது.

இனி, ஆட்டத்தில் குறையில்லை என்ற முதல் பாதி. 2015இல் பிட்ஸ்பர்க்கின் ரிவர்ஸ் கேசினோவில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிளாடிகோ என்ற கணினி நிரலோடு நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள் மோதினார்கள். மொத்தம் 80,000 ஆட்டம். ஒருவருக்கு விழுந்த சீட்டை மறுபக்கத்தில் நிரலுக்கும், நிரலுக்கு விழுந்ததை இன்னொரு மனிதருக்கும் கொடுத்து, சீட்டு அதிர்ஷ்டத்தையே சமன்படுத்தினார்கள். நம் மென்பொருள் கனவிலும் செய்யமுடியாத திருத்தம். மனிதர்கள் 7,32,713 சில்லுகள் முன்னிலையில் முடித்தார்கள். அப்போதும், புள்ளியியல்படி இது சமன்தான் என்றது பல்கலைக்கழகத் தரப்பு.

அப்படியிருக்க, நம்மவர் காட்டுவது 10,000 ஆட்டத்தின் வரைபடம். 100 ஆட்டத்துக்கு 5 பிக் பிளைண்ட் (மேஜையின் பெரிய கட்டாயப் பந்தயத் தொகை) ஜெயிக்கும் கெட்டிக்காரருக்கு அதில் 500 வரவேண்டும். திட்டவிலக்கமோ 900ஐ ஒட்டியிருக்கும். பத்தில் மூன்று முறை அவரே நஷ்டத்தில் முடிப்பார். திறமையில்லாதவர் லாபத்தில் முடிப்பதும் அதே போலச் சகஜம். இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதியைத்தான் இவி கோடு குறைக்கிறது.

அந்தக் கோட்டைக் காட்டி, "நீ ஜெயிக்கிற ஆள்தான், இன்னும் கொஞ்சம் பணம் போடு" என்று தோற்றவரைத் தேற்றுகிற நண்பர்களும் காசு வாங்கும் பயிற்சியாளர்களும் செய்வது கொடுமை. ஆல்-இன் ஆகாமல் இழந்த பெரிய பாட்களை (குவிந்த பந்தயத் தொகைகளை) முதலில் எடுத்துவைத்து, எங்கே பணம் கட்டினார், ஏன் கட்டினார் என்று அவரோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.